பாரிசவாதமும் மாரடைப்பும்

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே, அம்பாறைக் கரையோரத்தில் ஒலுவில் என்னும் ஊர் அமைந்துள்ளது. அங்கே 2013 ஆம் ஆண்டில் துறைமுகம் ஒன்று திறந்துவைக்கப்பட்டது. கடலுக்குள் நீண்டு சென்ற கல்லணைகள் அலைகளைத் தடுத்து நின்றன. ஆனால் கிழக்குக் கரையின் மணல் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் இயல்புடையதன்று. கரையோர நீரோட்டம் அதனை இடைவிடாது நகர்த்திச் செல்கின்றது. அவ்வாறு நகரும் மணலின் வழியைக் கல்லணை மறித்ததும், துறைமுக வாயிலில் மணல் அடைந்து, படகுகள் வெளியேற இயலாத காலங்கள் வந்தன. அதேவேளை மறுபக்கத்திலே, வரவேண்டிய மணல் வந்து சேராமையால், கரையைக் கடல் அரித்துச் சென்றது. வாயில் அடைபட்டது என்று மீனவர் முறையிட்டனர்; நிலம் போகின்றது என்று தென்னந்தோட்டக்காரர் முறையிட்டனர். முறைப்பாடுகள் இரண்டு, மூலம் ஒன்று.

மனித உடலிலும் இத்தகைய நிலை ஒன்று உண்டு. ஒருவருக்கு விடியற்காலையில் ஒரு பக்கத்துக் கையும் காலும் வழங்காமற் போகின்றன, வாய் கோணுகின்றது, நாக்குழறுகின்றது. அதனைப் பாரிசவாதம் என்கின்றோம். வேறொருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்வை பெருகச் சாய்கின்றார். அதனை மாரடைப்பு என்கின்றோம். முன்னது மூளையின் நோய், பின்னது இருதயத்தின் நோய் என்பதே பொதுமக்களின் எண்ணம். நெடுங்காலம் வைத்தியர்களின் எண்ணமும் அதுவாகவே இருந்தது. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பதை மருத்துவ உலகம் அறிந்துகொள்ள ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் சென்றன.

இந்நாட்டின் அரசியல் வரலாற்றிலும் இவ்விரு நோய்களின் சுவடுகள் உள்ளன. முதலாவது பிரதமரான டி. எஸ். சேனாநாயக்க, கல்லோயாத் திட்டத்தைத் தொடக்கி, அம்பாறை வயல்களுக்கு நீர் வழங்க வழிசெய்தவர். அவர் 1952 மார்ச் 21 ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் குதிரையேறிச் சென்றபோது பாரிசவாதம் தாக்கி வீழ்ந்து, மறுநாள் காலமானார். உலகின் முதற் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க 2000 ஒக்டோபர் 10 ஆம் நாள், பொதுத் தேர்தலில் வாக்களித்துத் திரும்பும் வழியில் மாரடைப்பால் உயிர்நீத்தார். இவ்விரு செய்திகளையும் கேட்ட மக்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு நோய்களின் பெயர்களையே கேட்டனர்.

பெயர் வேறுபட்டமைக்குக் காரணம் உண்டு. பண்டைக்காலத்தில் நோய்க்குப் பெயரிட்டோர், அடி விழுந்த இடத்தைப் பார்த்தே பெயரிட்டனர். கிரேக்க நாட்டு இப்போகிரற்றீசின் காலத்தில், திடீரெனச் சாய்ந்து உணர்விழக்கும் நிலைக்கு ‘அடிபட்டு வீழ்தல்’ என்னும் பொருள்படும் பெயர் வழங்கியது. தமிழ் வைத்தியர்கள் வாதம், பித்தம், சிலேற்பனம் என்னும் மூன்றனுள் வாதத்தின் கேட்டினால் ஒரு பக்கம் செயலிழப்பதாகக் கொண்டு, அதனைப் பக்கவாதம் என்றும் பாரிசவாதம் என்றும் அழைத்தனர். அரபு மொழியிலே ‘பாலிஜ்’ என்னும் சொல் வழங்குகின்றது. இரண்டாகப் பிளத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். உடலை நடுவே பிளந்தாற்போல ஒரு பாதி செயலற்றுப் போவதால் எழுந்த பெயர் அது. உணர்வு முற்றாக ஒடுங்கும் நிலைக்கு ‘ஸக்தா’ என்று பெயர். 1025 ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தமது ‘கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலிலே இப்னு சீனா இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்ந்துள்ளார். கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊர்களில் மதிக்கப்பட்டு வந்த யூனானி வைத்தியம் அம்மரபிலே வளர்ந்ததாகும். மூளையின் வழிகளில் ஏற்படும் அடைப்பே ஸக்தாவுக்குக் காரணம் என்று அம்மரபினர் கருதினர். அடைப்பு என்னும் கருத்துச் சரியானது. ஆனால் அடைபடுவது எந்த வழி, அடைப்பது எந்தப் பொருள் என்பன அன்று தெரிந்திருக்கவில்லை.

இப்னு சீனாவின் நூலுக்கு விரிவுரை எழுதிய ஒருவரே மற்றொரு கதவைத் திறந்தார். டமாஸ்கசில் கற்றுக் கெய்ரோவில் வைத்தியராக விளங்கிய இப்னு அந்நபீஸ், 1242 ஆம் ஆண்டில் எழுதிய விரிவுரையிலே, குருதி இருதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் வழியாகவே இடப்பக்கத்தை அடைகின்றது என்று நிறுவினார். அத்துடன், இருதயம் தன் அறையிலுள்ள குருதியிலிருந்து நேரே உணவு பெறுகின்றது என்ற பழைய கொள்கையையும் மறுத்து, இருதயத்தின் தசைக்குள் ஓடும் குழாய்களே அதற்கு உணவூட்டுகின்றன என்றார். உடல் முழுவதற்கும் குருதியை வழங்கும் இருதயமும் தனக்குரிய குருதியைக் குழாய் வழியாகவே பெறவேண்டும் என்ற இவ்வுண்மையிலேதான் மாரடைப்பின் விளக்கம் முழுவதும் அடங்கியுள்ளது. ஆயினும் அவருடைய கையெழுத்துப் பிரதி பல நூற்றாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1924 ஆம் ஆண்டிலே எகிப்திய வைத்தியர் முகையுத்தீன் அத்ததாவி என்பவர் பேர்லின் நூலகத்தில் அதனைக் கண்டெடுத்தார். இதற்கிடையில், 1628 ஆம் ஆண்டில், குருதி உடலெங்கும் சுற்றிவரும் முறையை இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி உலகுக்கு விளக்கியிருந்தார்.

குருதி சுற்றிவருகின்றது என்று தெரிந்தபின், மூளையைப் பற்றிய ஆராய்ச்சியும் புதுவழியிற் சென்றது. சுவிற்சர்லாந்தின் சாப்ஹவுசன் நகர வைத்தியரான யோகான் யாக்கோப் வெப்பர், பாரிசவாதத்தால் இறந்தோரின் தலையைத் திறந்து ஆராய்ந்து, 1658 ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். மூளைக்குள் குருதிக் குழாய் உடைந்து குருதி பெருகியிருந்ததை அவர் கண்டார். குழாய் அடைபட்டாலும் அதே கேடு விளையலாம் என்றும் கூறினார். 1664 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தோமஸ் வில்லிஸ், மூளையின் அடிப்பாகத்திலே நாடிகள் ஒன்றோடொன்று இணைந்து வளையமாக அமைந்திருப்பதை விளக்கினார். இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்களையே இங்கு நாடிகள் என்கின்றோம். ஒரு நாடி அடைபட்டால் மற்றொன்றிலிருந்து குருதி வந்து மூளையைக் காக்க அவ்வளையம் உதவுகின்றது. கழுத்து நாடி ஒன்று முற்றாக அடைபட்டும் பாரிசவாதமின்றி வாழ்ந்த ஒருவரைப் பற்றியும் வில்லிஸ் எழுதியுள்ளார்.

நெஞ்சுநோயின் வரலாறு இன்னும் ஒரு நூற்றாண்டு கழித்தே தெளிவாகத் தொடங்குகின்றது. 1768 ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன், நடக்கும்போது நெஞ்சை நெரித்து, நின்றதும் தணியும் ஒருவகை வலியைப் பற்றி வைத்தியர் சங்கத்தில் உரையாற்றினார். அது 1772 இல் அச்சேறியது. அதைப் படித்த ஒருவர், அது தமக்குள்ள நோயே என்று உணர்ந்து, பெயர் குறிப்பிடாமல் ஹெபர்டனுக்குக் கடிதம் எழுதினார். தாம் திடீரென இறந்தால் தமது உடலைத் திறந்து பார்க்கலாம் என்று அதில் அனுமதியும் அளித்திருந்தார். மூன்று வாரங்களுக்குள் அவர் இறந்தார். உடலை ஆராயும் பொறுப்பு, அக்காலத்தில் ஈடிணையற்ற சத்திரசிகிச்சை வல்லுநராக விளங்கிய ஜோன் ஹன்டரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஹன்டர் இருதயத்தை ஆராய்ந்தும் மரணத்துக்கான காரணத்தைக் காணவில்லை. இருதயத்தின் மேற்பரப்பிலே மகுடம்போற் சூழ்ந்து, அதன் தசைக்கு உணவூட்டும் முடியுரு நாடிகளை அவர் அன்று ஆராயவில்லை.

அடுத்த ஆண்டிலேயே ஹன்டருக்கும் நெஞ்சுவலி தோன்றியது. இருபது ஆண்டுகள் அந்நோயோடு வாழ்ந்தார். சினம் வந்தால் வலியும் வரும். ஆதலின் தம்மைச் சினமூட்டும் எவர் கையிலும் தமது உயிர் இருப்பதாக அவர் நண்பர்களிடம் கூறுவதுண்டு. 1793 ஒக்டோபர் 16 ஆம் நாள், லண்டன் செயின்ட் ஜோர்ஜ் வைத்தியசாலையில் நடந்த கூட்டமொன்றில் தமது கருத்து மறுக்கப்பட்டபோது அவர் சினங்கொண்டார். பேச்சை அடக்கிக்கொண்டு அடுத்த அறைக்குச் சென்றவர் அங்கேயே வீழ்ந்து இறந்தார். அவருக்கு அப்போது வயது 65.

ஹன்டரின் உடல் திறந்து ஆராயப்பட்டது. அதன் விவரத்தை அவருடைய மைத்துனர் எவரார்ட் ஹோம் எழுதி வெளியிட்டார். இருதயத்தின் முடியுரு நாடிகள் எலும்புபோல் இறுகியிருந்தன. அத்துடன் ஆராய்ச்சி நிற்கவில்லை, தலையும் திறக்கப்பட்டது. மூளைக்குச் செல்லும் கழுத்து நாடிகள், மண்டையோட்டுக்குள் புகுந்த இடத்திலே அவ்வாறே இறுகியிருந்தன. பிடரிப் பக்கமாக ஏறும் நாடிகளும் இறுகியிருந்தன. அவை கூடும் நாடியின் சுவரிலே வெண்ணிறப் புள்ளிகள் பரந்திருந்தன. ஒரே உடலில், ஒரே நோய், இருதயத்திலும் மூளையிலும் ஒருங்கே இருந்ததற்கான சான்று அவ்வறிக்கையிலே எழுத்தில் பதிந்தது. மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் உள்ள உறவு அன்றே கண்முன் கிடந்தது எனலாம். ஆனால் நெஞ்சுவலிக்குக் காரணம் தேடியவர்கள் இருதயத்தைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டனர். மூளையைப் பற்றிய பகுதி பெரிதும் பேசப்படவில்லை.

அந்த இருதயப் பகுதியின் உண்மையை முன்னரே ஊகித்த ஒருவர் இருந்தார். அவர், பிற்காலத்தில் அம்மைப்பால் குத்தும் முறையால் புகழெய்திய எட்வேர்ட் ஜென்னர். நெஞ்சுவலியால் இறந்தோரின் முடியுரு நாடிகள் இறுகியிருப்பதை அவர் கண்டிருந்தார். ஆனால் ஹன்டர் அவருடைய ஆசான். ஆசானுக்கு உள்ள நோய் இன்னதென்று வெளியிட்டால் அவர் மனம் உடையும் என அஞ்சி, ஜென்னர் அதனை அச்சிடாது இருந்துவிட்டார். அவருடைய நண்பர் கேலப் பரி என்பவர் 1799 ஆம் ஆண்டில் இக்கருத்தை நூலாக வெளியிட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நாடிகளின் நோய் தனக்கென ஒரு பெயரைப் பெற்றது. நாடி இறுகுதல் என்னும் பொருள்படும் சொல்லை 1829 ஆம் ஆண்டளவில் ஸ்திராஸ்பேர்க் நகரப் பேராசிரியர் லோப்ஸ்ரைன் வழங்கினார். 1904 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பீலிக்ஸ் மார்ச்சண்ட் அதனைத் திருத்தி ‘அதிரோஸ்கிளிரோசிஸ்’ என்றார். கிரேக்க மொழியில் ‘அதிரே’ என்பது கஞ்சி. நாடிச் சுவரினுள் கூழ்போன்ற கொழுப்பு உறைந்து, அதன்மேல் இறுக்கம் ஏறுவதைச் சுட்டிய பெயர் அது. இதற்கு முன்னரே ருடோல்ப் விர்ச்சோ, குருதி குழாய்க்குள்ளேயே உறைந்து கட்டியாகலாம் என்றும், அக்கட்டி பெயர்ந்து குருதியோடு சென்று வேறோர் இடத்தில் அடைத்துக்கொள்ளலாம் என்றும் ஐயத்துக்கிடமின்றிக் காட்டியிருந்தார். 1913 ஆம் ஆண்டில் ரஷ்யாவின் சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரில், நிக்கொலாய் அனிச்கோவ் முயல்களுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்திரோலை ஊட்டினார். முயல்களின் நாடிச் சுவர்களில் மனிதரிற் காணப்படுவது போன்ற கொழுப்புப் படிவுகள் தோன்றின. கஞ்சி எதனால் ஆனது என்ற வினாவுக்கு ஒரு விடை கிடைத்தது.

இவ்வறிவுகள் ஒன்றுசேர்ந்தபோது நோயின் நடைமுறை தெளிவாயிற்று. படிவு பல்லாண்டுகளாக, நோவின்றி, அரவமின்றி வளர்கின்றது. ஒருநாள் அதன் மேற்பரப்பு வெடிக்கின்றது. வெடிப்பை மூட விரையும் குருதி அவ்விடத்திலேயே உறைந்து கட்டியாகின்றது. கட்டி முடியுரு நாடியை அடைத்தால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் நாடியை அடைத்தால் பாரிசவாதம். முடியுரு நாடியில் கட்டி அடைத்தல் உடனே உயிரைக் கொல்லும் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. அவ்வாறு அடைபட்டும் பிழைத்து வாழலாம் என்பதை 1912 ஆம் ஆண்டில் சிக்காகோ வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக் எடுத்துக்காட்டினார். அப்பொழுதுதான் மாரடைப்பு, நோயாளி உயிரோடிருக்கும்போதே இனங்கண்டு சிகிச்சை செய்யத்தக்க நோயாக மாறியது.

மூளையின் பக்கத்தில் அத்தகைய தெளிவு 1951 ஆம் ஆண்டில் வந்தது. கனடாவின் மொன்றியல் நகரில் மில்லர் பிஷர் என்னும் வைத்தியர், பாரிசவாதத்தின் காரணத்தை மூளைக்குள் மட்டுந் தேடாது கழுத்திலே தேடினார். கழுத்து நாடிகளைத் திறந்து பார்க்கும் வழக்கம் அக்காலப் பிரேத பரிசோதனைகளிற் பெரும்பாலும் இருக்கவில்லை. பிஷர் திறந்து பார்த்தார். இருதயத்திலிருந்து மூளைக்கு ஏறும் வழியில், நாடி இரண்டாகப் பிரியும் இடத்திலே படிவும் அடைப்பும் இருந்தன. பாரிசவாதம் தாக்குமுன் சிலருக்குச் சில நிமிடநேரம் ஒரு கண் இருளுதல், கை மரத்தல், பேச்சுத் தடுமாறுதல் ஆகியன வந்து மறைந்ததையும் அவர் கேட்டறிந்து எழுதினார். அது வரவிருக்கும் ஆபத்தின் முன்னறிவிப்பு என்று உலகம் அறிந்தது. 1954 ஆம் ஆண்டில் லண்டன் சென்ற் மேரி வைத்தியசாலையில், அத்தகைய முன்னறிவிப்புகள் பலமுறை வந்த ஒருவரின் கழுத்து நாடியிலிருந்த குறுகிய பகுதி சத்திரசிகிச்சையால் அகற்றப்பட்டது.

இவ்விரு நோய்களுக்கும் பொதுவேர் இருப்பதோடு, ஒன்று மற்றொன்றைப் பிறப்பிப்பதும் உண்டு. மாரடைப்பால் இருதயச் சுவரின் ஒரு பகுதி செயலிழந்தால், அங்கே குருதி தேங்கி உறையலாம். உறைந்த கட்டி சில நாட்களிலோ வாரங்களிலோ பெயர்ந்து மூளையை அடையலாம். இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோயிலும் இவ்வாறே நேர்கின்றது. அந்நோய் உடையவர்க்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகும். மறுதலையாக, பாரிசவாதத்திலிருந்து தப்பியவர்களிற் பலர் பின்னர் இருதய நோயாலேயே இறக்கின்றனர். மூளையின் நாடியிற் படிந்த கொழுப்பு இருதயத்தின் நாடியை விட்டுவைப்பதில்லை.

இனி, இப்படிவு யாரிடம் மிகுதியாக வளர்கின்றது என்ற வினா எஞ்சியது. 1948 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் பிரேமிங்கம் என்னும் சிறுநகரிலே, 5,209 ஆண்களையும் பெண்களையும் ஆண்டாண்டாகத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. உயர் குருதியமுக்கமும் மிகுந்த கொலஸ்திரோலும் இருதய நோய்க்கு முன்னோடிகள் என்பதை 1961 ஆம் ஆண்டளவில் அது வெளிப்படுத்தியது. உயர் குருதியமுக்கமே பாரிசவாதத்துக்கும் தலையாய காரணம் என்பதை 1970 ஆம் ஆண்டில் அதே ஆய்வு உறுதிசெய்தது.

ஆயினும் ஓர் அமெரிக்க நகரத்து மக்களைப் பற்றிய முடிவு, சோறும் மீனும் தேங்காய்ப்பாலும் உண்ணும் மக்களுக்குப் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானதே. அதற்கு விடை தேடியவர் கேரளத்திற் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் கற்று, கனடாவிற் பேராசிரியராக விளங்கிய சலீம் யூசுப். அவர் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2004 ஆம் ஆண்டில் வெளிவந்தது. எந்நாட்டவராயினும், முதல் மாரடைப்புக்குரிய ஆபத்தில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டதை ஒன்பது காரணிகளே விளக்குகின்றன என்று அது காட்டியது. குருதிக் கொழுப்பு, புகைத்தல், உயர் குருதியமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனவழுத்தம், காய்கனி குறைந்த உணவு, உடலுழைப்பின்மை ஆகியன அவற்றுள் அடங்கும். 2010 ஆம் ஆண்டில் பாரிசவாதத்தைப் பற்றி அவரும் பிறரும் வெளியிட்ட ஆய்விலே பத்துக் காரணிகள் கூறப்பட்டன. இரு பட்டியல்களும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டாவதில் புதிதாகச் சேர்ந்த பத்தாவது காரணி இருதய நோயேயாகும்.

இவ்வாய்வு தென்னாசிய மக்களுக்குத் தனியே ஓர் எச்சரிக்கையையும் விடுத்தது. இலங்கை உட்பட ஐந்து தென்னாசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் வயது சராசரியாக 53. ஏனைய நாடுகளில் அது ஏறத்தாழ 59. அதாவது, பிள்ளைகள் படித்து முடியுமுன்னரே, மகளுக்குத் திருமணம் நிறைவேறுமுன்னரே, குடும்பத்தைத் தாங்குபவர் சாய்ந்துவிடுகின்றார்.

பொதுவேர் ஒன்று என்பதனால் பொதுமருந்தும் கிடைத்தது. உயர் குருதியமுக்கத்தைத் தணிக்கும் மாத்திரைகள் இரு நோய்களையும் குறைக்கின்றன. ஜப்பானியர் அகிரா என்டோ 1970களில் ஒருவகைப் பூஞ்சணத்திலிருந்து கண்டறிந்த பொருளின் வழியே வளர்ந்த கொலஸ்திரோல் மருந்துகளும் அத்தன்மையனவே. எனினும் இரு நோய்களும் முற்றிலும் ஒன்றல்ல. பாரிசவாதத்தில் குருதியமுக்கத்தின் பங்கு மிகப் பெரிது. மாரடைப்பில் கொழுப்பின் பங்கு மிகுதி. மேலும், பாரிசவாதங்களுள் ஒரு பகுதி நாடி அடைபடுவதால் அன்றி, உடைவதால் விளைகின்றது. ஆதலின் மாரடைப்பில் உடனே கொடுக்கப்படும் அஸ்பிரின் மாத்திரையைப் பாரிசவாதம் தாக்கியவருக்கு வீட்டிற் கொடுத்தல் ஆகாது. உள்ளே குருதி பெருகவில்லை என்பதை வைத்தியசாலையில் கருவி கொண்டு பார்த்தறிந்த பின்னரே அது கொடுக்கத்தக்கது. கட்டியைக் கரைக்கும் ஊசியும் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றப்படவேண்டியது. வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அல்லது நெஞ்சு நெரிந்து வியர்த்தாலும், 1990 என்னும் இலக்கத்துக்கு அறிவித்து அம்புலன்சு வண்டியை வரவழைத்தலே முதற்கடமை.

கிழக்குக் கரை ஊர்களிலே பாரிசவாதம் கண்டவருக்கு எண்ணெய் பூசி உருவுவதும், பரிசாரியாரிடம் மருந்து செய்வதும் நெடுங்கால வழக்கம். கையும் காலும் மீண்டும் வழங்கப் பயிற்சி இன்றியமையாதது என்பதை இன்றைய வைத்தியமும் ஏற்கின்றது. ஆபத்து வேறோரிடத்தில் உள்ளது. கை வழங்கத் தொடங்கியதும் நோய் போயிற்று என்று எண்ணி, குருதியமுக்கத்துக்கும் சீனிக்கும் உரிய மாத்திரைகளைக் கைவிடுவோர் உளர். கையிலே தோன்றியது விளைவு. நோய் இருந்தது நாடியிலே. கை தேறிய பின்னும் நாடி அவ்வாறே இருக்கின்றது. இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர் மாரடைப்பால் இறந்தால், ஒரு நோயிலிருந்து மீண்டவரை வேறொரு நோய் கொண்டுபோயிற்று என்று உறவினர் வருந்துவர். உண்மையிலே அவரைக் கொண்டுபோனது அதே நோய்தான்.

ஹன்டரின் காலத்தில் இதனை அறிய இறந்தவரின் உடலைத் திறக்கவேண்டியிருந்தது. இன்று கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலையொன்றுக்குச் சென்று, குருதியமுக்கத்தையும் குருதியிலுள்ள சீனியையும் கொழுப்பையும் அளந்தறியலாம். பாரிசவாதம் கண்டவர் தமது இருதயத்தையும், மாரடைப்புக் கண்டவர் தமது மூளையையும் காத்துக்கொள்ள வேண்டியவராவர். இருவருக்கும் உரிய கட்டளை ஒன்றே: புகையை விடுதல், உப்பையும் சீனியையும் குறைத்தல், நாள்தோறும் நடத்தல், வைத்தியர் நிறுத்தச் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தாதிருத்தல்.